சோமாஸ்கந்தரும் நம் வீடுகளும்

சிவமயம்



பெப்ரவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை நமது ஒன்ராறியோ மாகாணத்தில் பொது விடுமுறை. அதற்கு அரசு இட்டிருக்கும் பெயர் குடும்ப தினம். அல்பேர்ட்டா மாகாணத்தில் 1990இலேயே வந்துவிட்ட இந்த விடுமுறை, நமக்கு 2008ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. மகா சிவராத்திரியும் பெரும்பாலும் அதற்குச் சில வாரங்கள் முன்பின்னாக வந்துவிடும். ஒன்று அரசாங்கம் தந்த நாள், மற்றது ஆண்டவன் தந்த இரவு. இரண்டையும் சேர்த்துச் சில வார்த்தைகள் எழுதும்படி ஆலய மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறோம்.

முதலாவது குடும்ப தினம் 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் தேதி வந்தது. அன்று நாங்கள் இருவரும் வேலைக்குப் போனோம். பொது விடுமுறையில் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்று அறிவித்திருந்தார்கள். அதைக் கேட்ட பிறகு வீட்டில் இருக்க மனம் வருமா? இரண்டு வயதுகூட நிரம்பாத மகனைக் கீழ்மாடியில் இருந்த அக்காவிடம் விட்டுவிட்டு, ஒருவர் முதியோர் இல்லத்துக்கும் மற்றவர் பொதியிடும் தொழிற்சாலைக்குமாகப் பனியில் இறங்கி நடந்தோம். தொழிற்சாலைக்குப் போன பேருந்தில் பாதிக்கு மேல் நம்மவர்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். குடும்ப தினத்தன்று குடும்பத்தைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோமே என்ற எண்ணம் அந்தப் பேருந்தில் எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

இதை இப்போது குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒன்றரை மடங்கில்தான் ஊருக்கும் பணம் போனது, இங்கே வாடகையும் போனது. எனினும் சிவன் கோயிலில் சோமாஸ்கந்தர் முன் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பேருந்து ஞாபகத்துக்கு வருகிறது.

சோமாஸ்கந்தர் என்றால் என்ன? உமையோடும் கந்தனோடும் கூடியவர் என்பது அப்பெயரின் பொருள். ஒரே பீடத்தில் ஐயன் ஒருபுறம், அம்மை மறுபுறம், இடையில் குழந்தை முருகன். திருவாரூர்த் தியாகராசர் இந்தத் திருக்கோலத்தில்தான் எழுந்தருளியிருக்கிறார். பல்லவர் காலத்துக் கோயில்களில் கருவறைச் சுவரிலேயே இந்தக் குடும்பத்தைச் செதுக்கி வைத்தார்கள். ஆடுகின்ற கூத்தனாகவும், ஆலின் கீழ் மௌனமாக இருக்கும் குருவாகவும், சுடலையில் திரியும் பித்தனாகவும் பெருமானைக் கண்ட நம் முன்னோர், மனைவியோடும் பிள்ளையோடும் ஆறுதலாக உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரராகவும் கண்டார்கள். இது சிறிய விஷயமல்ல. இந்தக் கோலத்தில் அவர் எதையும் அழிக்கவில்லை, எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. கூடி இருக்கிறார், அவ்வளவுதான்.

நம் நாட்டில் இந்தத் திருமேனிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தார்கள். இடிக்குமுன் அடியார்கள் திருவுருவங்களை மண்ணுக்குள் புதைத்துக் காத்தார்கள் என்பது மரபு. பின்பு 1950ஆம் ஆண்டில் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று சோமாஸ்கந்தர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருட்டில் இருந்த தெய்வம் அது. ஊரிலே இடிவிழ, உள்ளதைக் கட்டிக்கொண்டு ஒளிந்தும் ஓடியும் வந்த நமக்கு இந்தச் சேதியைக் கேட்டால் சொந்தக்காரர் ஒருவரின் சேதியைக் கேட்டது போலிருக்கும்.

இதனோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய சோமாஸ்கந்தச் செப்புத் திருமேனிகள் சிலவற்றில் ஐயனும் அம்மையும் இருப்பார்கள், குழந்தை மட்டும் இருக்காது. கந்தனைத் தனியே வார்த்து நடுவில் பொருத்துவதுண்டு. இடம் மாறி, கை மாறி, மண்ணில் கிடந்து எழும்பும்போது அந்தச் சிறிய உருவம் எங்கோ கழன்று விழுந்துவிடும். பெரியவர்கள் இருவரும் அதே புன்னகையோடு அமர்ந்திருப்பார்கள். நடுவில் மட்டும் வெற்றிடம். அப்படிப்பட்ட ஒரு படத்தைப் புத்தகமொன்றில் முதன்முதலாகப் பார்த்த அன்று எங்களுக்கு நித்திரை வரவில்லை.

ஏனென்றால் அந்த நாட்களில் எங்கள் வீட்டு நடுவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அம்மாவுக்குக் காலை 7 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வேலை. அப்பாவுக்கு 4 மணி முதல் நள்ளிரவு வரை. மாடிக்கட்டடத்தின் கீழே லிப்ற் வாசலில் வைத்துப் பிள்ளை கைமாறும், கடையில் காசுப்பெட்டியை அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைப்பது போல. பால் குடித்துவிட்டான், நித்திரை கொள்ளவில்லை, சப்பாத்துக் கடிக்கிறது என்று மூன்று வார்த்தை. பஸ் போய்விடும். இரவு ஒருவர் வீடு திரும்பும்போது மற்றவர் நித்திரை. விடிய அவர் எழும்பும்போது இவர் நித்திரை. மூவரும் விழித்தபடி ஓரிடத்தில் இருந்தது ஒரு நாளில் பத்து நிமிடம். அதுவும் லிப்ற் வாசலில்.

அதனால் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒரு கொப்பி வைத்திருந்தோம். சொல்ல வேண்டியதை அதில் எழுதி வைப்போம். அண்மையில் பழைய வருமானவரிக் கடதாசிகளைக் கழிக்கும்போது அந்தக் கொப்பி அகப்பட்டது. 2006 முதல் மூன்று வருடத்து இல்லறம் முழுவதும் 120 பக்கத்தில் இருக்கிறது. 'பருப்பு அடுப்பில, உப்புப் போடேல்லை' என்று ஒரு நாள். 'இரண்டு தரம் சத்தி எடுத்தவன், அடுத்த மருந்து 6 மணிக்கு' என்று ஒரு நாள். 2008ஆம் ஆண்டுக் குடும்ப தினத்தில் 'இண்டைக்கு ஒன்றரை' என்ற இரண்டு சொல் மட்டும். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் பகிடி ஒன்றும் இல்லை. தொலைபேசி அட்டைகளின் இலக்கங்களும், யாரிடமிருந்து தகவல் வந்தது, யாரிடமிருந்து வரவில்லை என்ற பட்டியலும்தான். அந்தப் பக்கங்களை விரைவாகப் புரட்டிவிட்டோம்.

ஓரிடத்தில் மட்டும் இருவரும் நின்றுவிட்டோம். 'இண்டைக்கு யன்னலைக் காட்டி மழை எண்டு சொன்னவன். ழ வடிவா வந்தது. நீங்கள் கேட்டிருக்க வேணும்' என்று அம்மா எழுதியிருக்கிறார். கீழே அப்பாவின் கையெழுத்து: 'நான் கேக்கேல்லை. நாளைக்கு லிப்ற்றடியில சொல்லப் பண்ணும்.' அடுத்த நாள் லிப்ற்றடியில் அம்மா எவ்வளவு கெஞ்சியும் பிள்ளை வாய் திறக்கவில்லை. பஸ்சும் வந்துவிட்டது.

கணக்கியல் படித்தவர்களுக்குத் தொங்கற் கணக்கு என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். பரீட்சை மீதியின் இரு பக்கமும் பொருந்தாதபோது, பிழை எங்கே என்று தெரியும் வரை அந்த வித்தியாசத்தைத் தற்காலிகமாக ஒரு கணக்கில் போட்டு வைப்பார்கள். அதற்குத் தொங்கற் கணக்கு என்று பெயர். அதை நிரந்தரமாக வைத்திருக்க முடியாது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி, ஐந்தொகைக்கு முன் தீர்த்துவிட வேண்டும். புலம்பெயர்ந்த நாம் குடும்ப இன்பத்தைத் தொங்கற் கணக்கில் போட்டவர்கள். முதலில் அகதி வழக்கு முடியட்டும் என்றோம். பிறகு கார்ட் வரட்டும் என்றோம். பிறகு வீடு வாங்குவோம், வீட்டுக் கடன் குறையட்டும், பிள்ளை கம்பஸ் போகட்டும் என்றோம். ஒவ்வொரு வருடமும் அந்தத் தொகையை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோனோம். கம்பஸ் போன பிள்ளை விடுதியில் இருக்கிறது. இனி யாரோடு அந்தக் கணக்கைத் தீர்ப்பது?

பெரிய புராணத்தில் இளையான்குடிமாற நாயனாரின் சரிதம் நாம் எல்லோரும் சிறுவயதில் படித்ததுதான். ஆனால் சிறுவயதில் அதை விருந்தோம்பல் கதையாக மட்டும் படித்தோம். நாற்பது வயதுக்கு மேல் அது வேறு விதமாகத் தெரிகிறது.

செல்வம் முழுவதையும் அடியார்களுக்கு அமுதளித்தே கரைத்துவிட்டார் நாயனார். நிலத்தை விற்றாயிற்று, கடனும் பட்டாயிற்று. ஒரு மழைக்கால இரவில் நனைந்துகொண்டு ஓர் அடியார் வருகிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. என்ன செய்வது என்று நாயனார் கலங்குகிறார். வழி சொன்னவர் மனைவியார். பகலில் விதைத்த நெல் மழைநீரில் மிதந்து ஒதுங்கியிருக்கும், அதை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துத் தருகிறேன் என்கிறார். அந்த அம்மையாரின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அந்த வீடு இயங்கியது அவருடைய புத்தியால். கணவர் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கும்மிருட்டில் காலால் வழி தடவிப் போய் முளைநெல்லை வாரி வருகிறார். விறகு இல்லை என்கிறார் அம்மையார். இவர் கூரைக் கழிகளை அறுத்துப் போடுகிறார். ஈர நெல்லை வறுத்து, குற்றி, சோறாக்குகிறார் அவர். கறிக்கு என்ன செய்வது? குழியில் வளர்ந்திருந்த இளங்கீரையை இவர் பறித்துக் கொடுக்க, அந்த ஒரு கீரையையே பல வகைக் கறியாக்குகிறார் அவர். எல்லாம் ஆன பின் அடியாரை எழுப்பப் போனால், அங்கே சோதியாக எழுந்து, உமையம்மையோடு காட்சி கொடுத்தார் பெருமான்.

விதைநெல் என்பது அடுத்த வருடத்துச் சோறு. வாசலில் நிற்பவரின் பசி இன்றைக்கு உரியது. இந்தத் தம்பதியர் இன்றைய பசியை முன்னே வைத்தார்கள். நம் வீடுகளில் வாசலில் வந்து நின்றவர் யார்? வெளியிலிருந்து வந்த அடியார் அல்ல, நம்முடைய பிள்ளைதான் என்று படுகிறது. ஒரு கதை சொல்லு என்று வந்து நிற்கும். நாளைக்கு என்போம். நாளைக்குத் தேவையான எல்லாவற்றையும் விதைத்துக்கொண்டேயிருந்தோம். வாசலில் நின்றவர் காத்திருந்து காத்திருந்து வளர்ந்துவிட்டார்.

சேமிக்க வேண்டாம் என்று சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்காளர் அப்படிச் சொன்னால் தொழில் போய்விடும். பிள்ளையின் ஆர்.ஈ.எஸ்.பி. கணக்கில் ஆண்டுக்கு 2,500 டொலர் இட்டால் அரசு 500 டொலர் சேர்த்துத் தருகிறது. அதை விட்டுவிடாதீர்கள். நாயனாரும் விதைத்தவர்தான், விதைக்காமல் இருந்திருந்தால் அன்றிரவு வாருவதற்கே நெல் இருந்திருக்காது.

அந்தச் சரிதத்தில் எங்களைத் தொட்ட இன்னொரு விஷயம், அந்த இரவில் அவர்கள் சேர்ந்து வேலை செய்த விதம். ஒருவர் கொண்டுவர மற்றவர் ஆக்குகிறார். அவர்கள் அன்று வருந்தியிருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். மழையிலே நனைந்து வந்தவரைப் பார்த்து அம்மையார் ஒரு தரமாவது சிரித்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றக் காரணம் எங்கள் பழைய மாடிவீட்டில் இருந்த புகை அலாரம்.

நம்மவர் வீடுகளில் இது நடக்காத வீடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் மூவரும் வீட்டில் நிற்கும் ஒரே நாள். மிளகாய் பொரிய ஆரம்பித்த உடனே அலாரம் அலறும். ஒருவர் பாய்ந்து யன்னலைத் திறப்பார், வெளியில் சைபருக்குக் கீழே 20 பாகை. ஒருவர் தாச்சியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பிள்ளை கதிரையில் ஏறி நின்று துவாயால் அலாரத்துக்கு விசிறுவான். அதற்கென்றே ஒரு நீலத் துவாய் இருந்தது. அலாரம் ஓய்ந்ததும் மூன்று பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டு சிரிப்போம். பிறகு கோழிக்கறியும் புட்டும். அந்தப் புட்டுக்கு இணையாக இன்றுவரை ஒன்றும் சாப்பிட்டதில்லை. சிறு குழந்தை கைவிட்டுத் துழாவிய கஞ்சி பெற்றோருக்கு அமிழ்தத்தைவிட இனிது என்று வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் சொன்னதை, ஊரில் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். பொருள் விளங்கியது ஸ்காபரோவில் பத்தாம் மாடியில்.

ஊரிலே இருந்திருந்தால் இந்த இன்பம் இப்படி வாய்த்திருக்குமா என்றும் சில வேளை யோசிப்பதுண்டு. அங்கே பிள்ளையை அம்மம்மா வளர்த்திருப்பார். அப்பாமார் குசினிக்குள் போயிருக்கமாட்டார்கள். இங்கே வேறு ஆளில்லாததால் தகப்பன் தலை இழுத்தான், சோறு தீத்தினான், 'அ' எழுதப் பழக்கினான். புலம்பெயர்வு நம்மிடமிருந்து பறித்தவற்றின் பட்டியல் நீளம், அதை நாம் மறக்கவில்லை. தந்தவற்றின் பட்டியல் ஒன்றும் இருந்தால் அதில் முதலாவதாக இதை எழுதலாம்.

இவையெல்லாம் பந்தம், மாயை, கோயிலில் பேசத்தக்கவை அல்ல என்று சொல்லும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடு வாதாட வரவில்லை. ஆனால் அந்த உபதேசம் நிறைந்த வீட்டில் இருந்தவனுக்குச் சொல்லப்பட்டது. முற்றத்திலே சுற்றம் நிறைய, திண்ணையிலே பாட்டன் இருக்க, இதுவே உலகம் என்று மயங்கிக் கிடந்தவனுக்கு அது மருந்து. வீடு சிதறி, ஆளுக்கொரு நாட்டில் இருக்கிற நமக்கு அதே மருந்தைக் கொடுப்பது, பசித்துக் கிடக்கிறவனை உபவாசம் இருக்கச் சொல்வது போன்றது.

சுந்தரமூர்த்தி நாயனாரை நினைத்துப் பாருங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துவிட்டுத் திருவாரூருக்குத் திரும்பியவரைப் பரவையார் வீட்டுக்குள்ளே விடவில்லை. சுந்தரர் நள்ளிரவில் பெருமானிடம் முறையிடுகிறார். பெருமான் அர்ச்சகர் வேடத்தில் பரவையார் வாசலுக்குத் தூது போகிறார். அம்மையார் மறுத்துவிடுகிறார். திரும்பி வந்த பெருமான், அதே இரவில் இரண்டாம் தரமும் நடக்கிறார், இந்த முறை தம் சொந்த உருவில். குற்றம் சுந்தரர் பேரில்தான், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் மீண்டும் முகம்பார்த்துக் கதைக்க வேண்டும் என்பதற்காகத் திருவாரூர் வீதியில் இறைவன் இரண்டு தரம் கால் நோக நடந்தான். நடந்தவர் வேறு யாருமல்லர், உமையோடும் கந்தனோடும் அமர்ந்திருக்கும் அந்தத் தியாகராசரே. பரவையார் கதவு திறந்ததை மாயை என்று அவர் நினைத்திருந்தால் நடந்திருப்பாரா?

சிவராத்திரியன்று நாலு சாமமும் விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பது நமக்குப் புதிதல்ல, வருடக்கணக்கில் இரவு வேலை பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்த விழிப்பெல்லாம் தனித்தனி விழிப்பு. இந்த வருடம் ஒரு சாமமாவது வீட்டார் எல்லோரும் ஓரிடத்தில் இருந்து விழியுங்கள். மூன்றாம் சாமத்தில் சின்னப் பிள்ளைகள் மண்டபத்துக் கம்பளத்தில் நித்திரையாகிவிடுவார்கள். பரவாயில்லை, எழுப்ப வேண்டாம். அப்பாவும் அம்மாவும் இருபக்கமும் இருந்தால் போதும். குடும்ப தினத்தன்று வேலைக்கு வரும்படி கேட்டால் என்ன செய்வது என்று சில இளம் தம்பதிகள் எங்களிடம் கேட்டார்கள். அவரவர் நிலைமை அவரவருக்குத் தெரியும். வாடகை கட்ட முடியாதவருக்கு நாங்கள் புத்தி சொல்ல வரவில்லை. முடியுமானவர்கள் இருவரில் ஒருவராவது மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள்.

எங்கள் மகன் இப்போது வேறு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நத்தார் விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்தக் கொப்பியைக் காட்டினோம். தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டு ஆறு வருடமானதால் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். மழை என்ற பக்கத்தில் கனநேரம் இருந்தான். அப்பா கேட்டது அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையைத் தூக்காமலே 'மழை' என்று ஒரு தரம் சொன்னான். ழ அவ்வளவு வடிவாக வரவில்லை. அவன் திரும்பிப் போன பின் பார்த்தால், கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'குடும்ப தினதுக்கு வருவன். புட்டு. நீலத் துவாய் இருக்கா?'

துவாயைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.